மாமாவுக்கு வந்தது யூராக்கஸ் கேன்சர்

மாமாவுக்கு உடம்புக்கு என்ன என்று கேட்பவர்களிடம் ‘சிறுநீர்ப்பையில் கேன்சர்’ என்று சொன்னால், உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ‘யூராக்கஸ் கேன்சர்’ என்று சொன்னால்தான் வம்பு. அது எங்கே இருக்கிறது, எனக்கும் இருக்கிறதா, பெண்களுக்கும் உண்டா என்று விசாரணை ஆரம்பமாகிவிடும். எல்லோருக்கும் உண்டு. அம்மா வயிற்றில் இருந்த காலத்தில் வேலை பார்த்துவிட்டு, பிறப்பதற்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்ட குழாய் அது.

கரு வளரும்போது சிறுநீர்ப்பையின் உச்சியிலிருந்து தொப்புள் வரை இந்தக் குழாய் ஓடுகிறது. நான்கைந்து மாதத்திலேயே சுருங்க ஆரம்பித்து, பிறக்கும்போது பெரும்பாலும் அடைபட்டு வெறும் நாராகிவிடும். வளர்ந்தவர்களின் உடம்பில் வயிற்றுச் சுவரின் உட்புறத்தை ஒட்டி, நட்டநடுவே, 3 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு அது கிடக்கும். பிணப் பரிசோதனைகளில் பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்த நாருக்குள் பழைய துளையின் மிச்சமும், அதன் உள்பூச்சான செல்களும் அப்படியே இருக்கின்றன. அதனால் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஆயுசு முடிந்துவிடுகிறது. மிக அபூர்வமாக அந்த மிச்சத்தில் கேன்சர் பிடிக்கும். சிறுநீர்ப்பைக் கேன்சர் நூறு பேருக்கு வந்தால் அதில் ஒருவருக்குக்கூட இந்த வகை இருக்காது. ஒரு சதவீதத்துக்கும் கீழே.

மாமா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். டாக்டர் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் பேனாவால் படம் போட்டு விளக்கியபோது மாமாவுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது. “பழைய லைன். வேலை முடிஞ்சதும் டம்மி போட்டு அப்படியே விட்டுட்டாங்க. இப்ப உள்ளுக்குள்ள அரிச்சிருக்கு. அவ்வளவுதானே டாக்டர்?” என்றார். அவ்வளவுதான் என்றார் டாக்டரும். ஆனால் அந்த நாற்காலியில் போய் உட்காருவதற்குள் ஏகப்பட்டது நடந்துவிட்டது.

முதலில் வந்தது ரத்தம் இல்லை, சளி. “யூரின்ல சளி மாதிரி வருதுடி” என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார். ஜவ்வரிசிக் கஞ்சியின் மேலே நிற்குமே, அந்தப் பதத்தில், கண்ணாடி நிறத்தில். அத்தை அதைச் சூடு என்றார். தெருமுனை கிளினிக்கில் இன்ஃபெக்‌ஷன் என்று மாத்திரை கொடுத்தார்கள். லேப் ரிப்போர்ட்டில் ‘மியூகஸ் த்ரெட்ஸ்’, அதாவது கோழை இழைகள், என்று ஒரு வரி இருந்தது. அது கொஞ்சமாக எல்லோருக்குமே வருவதுதான் என்பதால் யாரும் நின்று பார்க்கவில்லை. இப்போது தெரிகிறது, பெயருக்கு மட்டும் சிறுநீர்ப்பைக் கேன்சரான இந்தக் கட்டியின் குணம் பெரும்பாலும் குடல் கட்டியின் குணம். குடலின் உள்சுவரில் இருப்பது போன்ற சுரப்பிச் செல்களிலிருந்து கிளம்புகிறது. கட்டிக்குள்ளேயே கோழையைச் சுரந்து நிரப்பிக்கொள்கிறது. அது பைக்குள் உடைத்துக்கொண்டு வரும்போது கோழை சிறுநீரில் இறங்குகிறது. எல்லா நோயாளிக்கும் இப்படி வருவதில்லை. ஆனால் வந்தால் அது பெரிய துப்பு. சாதாரணச் சிறுநீர்ப்பைக் கேன்சரில் இப்படிக் கட்டியாகக் கோழை வராது.

அப்புறம் ரத்தம் வந்தது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. ரோஸ் நிறத்தில் ஒரு நாள் வரும், நின்றுவிடும், மறுபடி வரும். நம் ஊரில் ஒண்ணுக்குப் போகும் இடத்தில் எது நடந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: கல்லு. வீட்டில் வாழைத்தண்டுச் சாறு தொடங்கியது. யாரோ சிறுபீளைக் கஷாயம் சொன்னார்கள், அதுவும் கொதித்தது. ஒரு ஸ்கேன் சென்டரில் எடுத்த அல்ட்ராசவுண்டும் இதற்கு ஒத்து ஊதியது; சிறுநீர்ப்பையில் சிறிய கல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பை சரியாக நிரம்பாத வயிற்றோடு எடுத்த ஸ்கேன் அது.

ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால், ஒரே ஒரு தரம் வந்து நின்றுவிட்டாலும், உள்ளே கேமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்பது எந்த யூராலஜி டாக்டரும் சொல்லும் பால பாடம். வலிக்கும் கல் ஆளை இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டுவிடும். வலிக்காத ரத்தத்துக்குத்தான் நாம் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்கிறோம். யூராக்கஸ் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டி பிறக்கும் இடம் பைக்குள் இல்லை, பைக்கு வெளியே. வயிற்றுச் சுவருக்கும் பைக்கும் நடுவில் சத்தமில்லாமல் வளர்ந்து, பையின் உச்சியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்த பிறகுதான் ரத்தமே காட்டும். அதனால் முதல் அறிகுறி தெரியும்போதே பலருக்கு அது நன்றாக வளர்ந்திருக்கிறது.

கல்லை உடைக்கலாம் என்று கேட்கப் போன இடத்தில் இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். அங்கே இருந்த பெண் டாக்டர் வயதில் சின்னவர். மாமாவைத் திரும்ப அனுப்பி, தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். பை நிரம்பியதும் மேலே கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, “ஐயா, அப்படியே இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க” என்றார். திரையில் அந்த வெள்ளைப் புள்ளி நகரவில்லை. வலது பக்கம் திரும்பச் சொன்னார். அப்போதும் அது இருந்த இடத்திலேயே இருந்தது. கல்லாக இருந்தால் உருண்டு கீழ்ப்பக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். இது பையின் உச்சியில் ஒட்டிக்கொண்டு நின்றது. கோழை நிறைந்த இந்தக் கட்டிகளில் சுண்ணாம்பு படிவது வழக்கம், சி.டி. எடுத்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த வெள்ளைப் பொட்டுகள் தெரியும். அதைத்தான் முதல் சென்டர் கல் என்றது. இந்த நோயை மாமாவின் உடம்பில் முதலில் கண்டவர் அந்தப் பெண் டாக்டர்தான், அதுவும் ஆளைப் புரட்டிப் படுக்க வைத்து. ரிப்போர்ட்டில் அவர் எழுதியிருந்த ‘டோம்’ (பையின் உச்சி) என்ற ஒரு வார்த்தையின் அருமை எங்களுக்கு அப்போது தெரியாது.

சிஸ்டோஸ்கோப்பி என்பது சிறுநீர் வரும் வழியாகவே கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது. மரத்துப்போகும் ஜெல்லியை முதலில் உள்ளே செலுத்துவார்கள். மாமாவை மல்லாக்கப் படுக்க வைத்துச் செய்தபோது உச்சியில் ஒரு காற்றுக் குமிழி போய் நின்றுகொண்டு மறைத்ததாம். அடிவயிற்றைக் கையால் அமுக்கி, உச்சியைக் கீழே இறக்கித்தான் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததும், மயக்கம் கொடுத்து ஒரு பகுதியைச் சுரண்டி பயாப்ஸிக்கு அனுப்பினார்கள்.

ரிசல்ட் வருவதற்குள் டாக்டர் எங்களுக்குப் பொதுவான பாதையைச் சொல்லிக் கொடுத்தார். சிறுநீர்ப்பைக் கேன்சரில் சுமார் 90 சதவீதம் பையின் உள்பூச்சில் வருவது. மேலாக இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, பி.சி.ஜி. மருந்தைப் பைக்குள்ளேயே ஊற்றுவார்கள். பிறந்த குழந்தைக்குக் கையில் போடுகிறோமே, அதே காசநோய்த் தடுப்பு மருந்துதான். 1976-இல் கனடாவைச் சேர்ந்த மொராலஸ் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் இப்படிக் கொடுக்கலாம் என்று எழுதியது இன்றுவரை ஓடுகிறது. கட்டி தசைக்குள் போயிருந்தால் கீமோ, பிறகு முழுப் பையையும் எடுப்பது, அல்லது ரேடியேஷன். மாமா பீடி பிடிப்பாரா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். சாதாரண வகைக்குப் புகை பெரிய காரணம், கேட்க வேண்டியதுதான். மாமா பிடித்ததில்லை. உறவுக்காரர்களில் ஒருவர் மட்டும், “பிடிக்காமயா வரும்?” என்று கடைசிவரை நம்பவில்லை.

பயாப்ஸியில் வந்தது அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல்களில் பிடிக்கும் கேன்சர், தசை வரை இறங்கியது. உடனே பேச்சு மாறியது. முழுப் பையையும் எடுத்துவிட்டு, குடலில் ஒரு துண்டை வெட்டி வயிற்றில் வழி வைத்து, ஆயுசுக்கும் வெளியே பை மாட்டிக்கொள்ள வேண்டும். அடுத்த வாரமே தேதி தருகிறோம் என்றார்கள். அந்த மருத்துவமனையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘சிறுநீர்ப்பையில் அடினோகார்சினோமா, தசையில் ஊடுருவியது’ என்ற வரியை மட்டும் பார்த்தால் அதுதான் வைத்தியம். அந்த வரியில் இடம் இல்லை. பயாப்ஸி ரிப்போர்ட் எழுதியவருக்கு உச்சியிலிருந்து எடுத்த துண்டு என்று யாரும் எழுதி அனுப்பவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்த ‘டோம்’ பயாப்ஸி காகிதத்துக்கு வந்து சேரவில்லை. இந்த நோயைப் பொறுத்தவரை வைத்தியத்தைத் தீர்மானிப்பதில் பாதி அந்த ஒரு வார்த்தைதான்.

அத்தையின் தம்பி மகள் சென்னையில் நர்ஸ். அவள்தான் போனில், “மாமா, ஸ்லைடும் பிளாக்கும் வாங்கிட்டு இங்க வாங்க” என்றாள். பிளாக் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். பிளாஸ்டிக் சட்டத்தில், வெள்ளை மெழுகுக்குள் மங்கலாக ஒரு பழுப்புத் துணுக்கு, ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண். அதிலிருந்து மெல்லிசாகச் சீவித்தான் ஸ்லைடு செய்கிறார்கள். கேட்டால் தர வேண்டும். ஒரு விண்ணப்பம் எழுதி, கையெழுத்துப் போட்டு, நாலு இடம் அலைந்தால் தருவார்கள். வெயிலில் காருக்குள் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகும் என்று லேபில் இருந்தவர் சொல்லி அனுப்பினார். மாமா அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறினார்.

சென்னையில் பார்த்த டாக்டர்கள் முதலில் செய்தது சந்தேகப்பட்டதுதான். சுரப்பிக் கட்டி சிறுநீர்ப்பையில் இருந்தால், அது வேறெங்கோ பிறந்து இங்கே வந்து குடியேறியதாகவும் இருக்கலாம். முக்கியமான சந்தேகம் பெருங்குடல் மீது. அதனால் கொலோனோஸ்கோப்பி, பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது. முந்தின நாள் இரவு பேதி மருந்து குடித்துவிட்டு மாமா பட்ட பாட்டை அவர் வாயால் கேட்க வேண்டும். ஆபரேஷனைவிட அதைத்தான் இன்றும் அதிகம் திட்டுகிறார். பெருங்குடல் சுத்தமாக இருந்தது.

பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவி, செல்களில் உள்ள புரதங்களுக்கு நிறமேற்றிப் பார்த்தார்கள். சிகே20, சிடிஎக்ஸ்2 இரண்டும் பளிச்சென்று பிடித்தன. ஆனால் அவை குடல் கேன்சரிலும் பிடிக்கும், இதிலும் பிடிக்கும். ஓரளவு பிரித்துக் காட்டுவது பீட்டா கேட்டனின் என்ற இன்னொன்று. குடல் கேன்சரில் அது பெரும்பாலும் செல்லின் உட்கருவுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். யூராக்கஸில் பெரும்பாலும் செல்லின் விளிம்பிலேயே நிற்கும். மாமாவுக்கு விளிம்பில்தான் இருந்தது. இருந்தாலும் நிறத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்றார் அந்த நோயியல் டாக்டர். கட்டி பையின் உச்சியில் இருக்கிறதா, அதன் பெரும்பகுதி சுவருக்கு வெளிப்பக்கமாக இருக்கிறதா, பையின் மற்ற இடங்களில் உள்பூச்சு நல்லபடியாக இருக்கிறதா, உடம்பில் வேறெங்கும் மூலம் இல்லையா, எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் ‘யூராக்கஸ்’ என்று எழுதுகிறார்கள். எம்.ஆர்.ஐ. படத்தை நிமிர்த்திக் காட்டினார்கள். பையின் உச்சியிலிருந்து தொப்புளை நோக்கி ஒரு வால் போவது எனக்கே தெரிந்தது.

நோயை அறிந்து கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1863-இல் பிரான்சில் ஹ்யூ, ஜாக்கன் என்ற இருவர் முதலில் எழுதினார்கள். பெக் என்ற அறுவை மருத்துவர் 1930, 31-இல் இந்தக் குழாயின் அமைப்பையும் அதில் வரும் கோழைக் கட்டிகளையும் விவரித்தார். 1984-இல் ஷெல்டனும் அவர் குழுவினரும் போட்ட நிலைப் பட்டியலைத்தான் இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பட்டியலில் பைக்குள் இறங்கினாலே மூன்றாம் நிலை என்று வந்துவிடும். கட்டி எங்கே பிறக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் பெரும்பாலோர் அங்கேதான் நிற்பார்கள். ‘ஸ்டேஜ் த்ரீ’ என்றதும் வீட்டில் அழுகை. குடல் கேன்சரின் மூன்றாம் நிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது வேறு ஏணி என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

இப்படி அபூர்வமான நோய்க்கு ஆயிரம் பேரை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சி கிடையாது. அத்தனை பேர் எங்கே கிடைப்பார்கள்? பெரிய மருத்துவமனைகள் பல்லாண்டுப் பழைய கோப்புகளைத் தூசிதட்டி எழுதியதுதான் ஆதாரம். ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மையத்தார் 2003-இல் அப்படி எழுதினார்கள். மேயோ கிளினிக்கார் 2006-இல். எம்.டி. ஆண்டர்சன் கோப்புகளில் பல வருடம் தாண்டி உயிரோடு இருந்தவர்களில் பெரும்பாலோர், பையின் உச்சி, அந்த நார், தொப்புள் மூன்றையும் ஒரே துண்டாக வெட்டி எடுக்கப்பட்டவர்கள். மேயோ கோப்புகளில், வெட்டிய விளிம்பில் கட்டி மிச்சம் இருந்ததா என்பது பெரிய வித்தியாசம் செய்தது. முழுப் பையையும் எடுப்பதால் கூடுதல் லாபம் எதுவும் தெரியவில்லை. முதலில் சொன்ன ஆபரேஷனுக்கும் இதற்கும் இதுதான் வேறுபாடு. பையில் முக்கால்வாசி மிஞ்சும், ஆனால் தொப்புள் போகும். பையை மட்டும் எடுத்துத் தொப்புளையும் நாரையும் விட்டிருந்தால், உறுப்பை இழந்த பிறகும் நோயின் வால் உள்ளேயே இருந்திருக்கும்.

“தொப்புள் இல்லாம எப்படிடா இருக்கும்?” என்று அத்தை என்னைத்தான் கேட்டார். மாமாவுக்குக் கவலை வேறு. அரைஞாண் எங்கே நிற்கும் என்று சர்ஜனிடமே கேட்டார். வேண்டுமானால் தோலை மடித்துத் தைத்துப் புதிதாக ஒன்று செய்து தரலாம் என்றார் சர்ஜன். “இந்த வயசுல எனக்கு எதுக்கு டாக்டர் டிசைன்?” என்று மறுத்துவிட்டார்.

ஆபரேஷனில் கவனமாக இருந்த ஒரு விஷயத்தை சர்ஜன் பிறகு விளக்கினார். கட்டியைக் கீறிவிடக் கூடாது. உள்ளே இருக்கும் கோழை வயிற்றுக்குள் சிந்தினால், அதோடு செல்களும் போய் வயிறு முழுக்கப் பரவிக் கோழையாக நிறையும் அபாயம் உண்டு. அதனால் கட்டியைத் தொடாமல் சுற்றியுள்ள கொழுப்போடும் வயிற்றின் உள்சவ்வோடும் சேர்த்து எடுத்தார்கள். இடுப்பின் இரண்டு பக்கமும் நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். தையல் போட்ட பை ஆறும்வரை டியூப். எடுப்பதற்கு முன் பைக்குள் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்து, கசிவு இல்லை என்று பார்த்தார்கள். டியூப் எடுத்த முதல் வாரங்களில் அரைமணிக்கு ஒருமுறை பாத்ரூம். பை சின்னதாகிவிட்டது அல்லவா? மெல்ல மெல்ல அது விரிந்து கொடுக்கும் என்றார்கள், கொடுத்தது. சில மாதங்களில் திருச்சியிலிருந்து மதுரை வரை பஸ்ஸில் இறங்காமல் போய்வந்தார்.

நோயியல் ரிப்போர்ட்டில் விளிம்புகள் சுத்தம். ஒரே ஒரு கணுவில் மட்டும் கேன்சர் இருந்தது. அந்த ஒன்றுதான் கீமோவுக்குக் காரணம். இங்கேயும் பெயரை மட்டும் பார்த்தால் வழி தப்பும். சிறுநீர்ப்பைக் கேன்சருக்கு வழக்கமாகக் கொடுப்பது ஜெம்சிடபினும் சிஸ்பிளாட்டினும். மாமாவுக்குக் கொடுத்தது ஃபோல்ஃபாக்ஸ் என்னும் பெருங்குடல் கேன்சரின் கீமோ. செல்லின் குணம் குடலோடு ஒத்துப்போவதால் 5-எஃப்.யூ. என்ற மருந்து உள்ள இத்தகைய கலவைகள் இதற்குப் பொருத்தம் என்பது புற்றுநோய் மருத்துவர்களின் அனுபவம். இன்ஷூரன்ஸ் ஆள், ‘பிளாடர் கேன்சர் என்று இருக்கிறது, மருந்து கோலன் கேன்சருடையதாக இருக்கிறதே’ என்று கோப்பைத் திருப்பி அனுப்பினார். டாக்டர் தனியாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது.

மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் என்ற சின்னக் கருவியை வைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கலவையின் இன்னொரு மருந்தான ஆக்ஸாலிபிளாட்டின் இரண்டு மணி நேரம் ஏறும், பிறகு 5-எஃப்.யூ. நிரம்பிய சின்ன பம்பை இடுப்பில் கட்டி அனுப்பிவிடுவார்கள், 46 மணி நேரம் அது தானாகச் சொட்டிக்கொண்டிருக்கும். முடி அவ்வளவாகக் கொட்டவில்லை. ஆனால் குளிர்ச்சியைத் தொட முடியாது. முதல் சுற்று முடிந்து வந்தவர் வழக்கம்போல ஃபிரிட்ஜைத் திறந்து மோர்ச் செம்பை எடுத்தார். கரண்ட் அடித்த மாதிரி உதறிவிட்டார், சமையலறை முழுக்க மோர். ஜில்லென்ற தண்ணீர் தொண்டையில் பட்டால் மூச்சு நிற்பதுபோல இருக்கிறது என்று பயந்துபோனார். ஆக்ஸாலிபிளாட்டினுக்கு இது சகஜம், ஆபத்தில்லை, சில நாளில் குறையும். முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்தான், ஆனால் சித்திரை வெயிலில் வெந்நீர் குடி என்றால் யார் காதில் வாங்குவார்கள்? அத்தை ஃபிரிட்ஜ் கைப்பிடியில் பழைய துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

குளிர்ச்சிப் பிரச்சினை போய்விட்டது, அதே மருந்து கொடுத்த விரல் மரப்பு இன்னும் போகவில்லை. போல்ட்டைக் கையில் எடுத்து விரலால் மரையைத் தடவிப் பார்த்தே என்ன அளவு என்று சொல்லிவிடுவார் மாமா. இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். கேன்சரைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை, இதைப் பற்றிப் புலம்புவார்.

ஐந்து ஆண்டு தாண்டி உயிரோடு இருப்பவர்களின் கணக்கு இந்த நோயில் மொத்தமாகப் பார்த்தால் பாதிக்குப் பாதி. கணுவில் இருந்தால் அதைவிடக் குறைவு. மாமா கேட்டார், டாக்டர் மறைக்காமல் சொன்னார். இப்போது குறிப்பிட்ட இடைவெளியில் நெஞ்சு, வயிறு, இடுப்பு சி.டி., பைக்குள் கேமரா, ரத்தத்தில் சி.இ.ஏ. அளவு, இத்தகைய கட்டி இருந்தால் பலருக்கு ஏறும் ஒரு புரதம் அது. ஆபரேஷனுக்கு முன் அது ஏறியிருந்தது, பிறகு இறங்கியது. அதனால் அது மறுபடி ஏறுகிறதா என்பதில் எங்கள் எல்லோருக்கும் ஒரு கண். ரிசல்ட் வரும் வாரத்தில் அத்தை சமயபுரம் போய்விடுவார். மாமா மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் வால்வைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்.

எப்படியோ நம்பர் வாங்கிக்கொண்டு அவருக்குப் போன் வருகிறது. போன மாதம் கரூரிலிருந்து ஒருவர். அண்ணனுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி, நீங்கள் எங்கே பார்த்தீர்கள், எவ்வளவு ஆச்சு என்று கேட்டிருக்கிறார். மாமா அதற்குப் பதில் சொல்லாமல், “ஸ்கேன்ல கட்டி எந்த இடம்னு போட்டிருக்கு? பக்கவாட்டா, அடியிலயா, உச்சியிலயா?” என்றார். எதிர்முனையில் காகிதம் புரட்டும் சத்தம் எனக்கே கேட்டது. பக்கவாட்டில் என்று வந்தது பதில். “அப்ப உங்களுது வேற, நம்மளுது மாதிரி இல்ல. அங்கயே பாருங்க, நல்லா பார்ப்பாங்க. பிளாக்கை மட்டும் விட்றாதீங்க” என்று சொல்லிவிட்டு வைத்தார்.